பவர் வீடரில் கார்புரேட்டர் இருப்பது குறையா?

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. அளவறிந்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் முறை வந்துவிட்டது. ஆனால் களையெடுக்கும் பவர் வீடர் வாங்கக் கடைக்குப் போனால், பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலும் கார்புரேட்டர்தான் இருக்கிறது. "பழைய சரக்கை நம் தலையில் கட்டுகிறார்களா?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இன்ஜெக்ஷன்தான் வேண்டுமென்றால் டீசல் வீடரை எடுங்கள் என்கிறார் கடைக்காரர்.

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்து, தம் வயலுக்கு மட்டும் வீடர் ஓட்டுபவருக்குக் கார்புரேட்டர் ஒரு குறையல்ல என்பதே என் கருத்து. மோட்டார் சைக்கிள் தினமும் ஓடுகிறது, பேட்டரி இருக்கிறது. அந்தப் பேட்டரியை நம்பித்தான் பெட்ரோலைத் தள்ளும் பம்பும் உணர்கருவிகளும் வேலை செய்கின்றன. கயிறு இழுத்துக் கிளப்பும் சாதாரண வீடரில் பேட்டரியே கிடையாது. வருடத்தில் இருபது, முப்பது நாள் புழுதியில் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கும். பழுது வந்தால் உள்ளூர் மெக்கானிக் பிரித்துச் சுத்தம் செய்யக்கூடிய எளிய அமைப்பே அதற்கு ஏற்றது.

ஆனால் கார்புரேட்டரைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, ஓய்வு. 2025 முதல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் நீர் பிரிந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கித் துருவேற்றும். பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பயிரின் இருபதாம் நாள் கயிற்றை இழுத்துத் தோள் வலி கண்டதுதான் மிச்சம், எஞ்சின் கிளம்பாது. அந்த ஒரு வாரத் தாமதத்தில் களை பயிரை முந்திவிடும். ஆள் தேடினாலும் கிடைக்காது.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் உண்டு. பருவ வேலை முடிந்ததும் டாங்கியில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிடுங்கள். பின்பு எஞ்சினைக் கிளப்பி, தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். அடிக்கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்தி எஞ்சிய சொட்டுகளையும் இறக்குங்கள். ஜெட் அடைத்துக்கொண்டால் கம்பியால் குத்த வேண்டாம். துளை பெரிதானால் கரும்புகை வரும், பெட்ரோலும் வீணாகும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

டீசல் வீடரை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அதன் இன்ஜெக்ஷன் பம்பு மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்றதல்ல. மின்சாரமே இல்லாமல் இயந்திர விசையால் இயங்குவது. அதே வேலைக்கு எரிபொருள் குறைவாகப் பிடிக்கும். இறுகிய கரிசல் மண்ணுக்கும், அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு ஓட்டுபவருக்கும் அதுவே ஏற்றது. ஆனால் எடை அதிகம், அதிர்வும் அதிகம். வரிசைக் கோடியில் அதைத் தூக்கித் திருப்புவது யார் என்று வாங்குமுன் வீட்டில் கேளுங்கள். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் வீடர் பிடிப்பது பெண்கள்தான். கடைகளில் குதிரைசக்தி பற்றிப் பேசுமளவுக்கு எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை!

டீசலில் இன்னொன்றும் உண்டு. பம்பின் உள்ளுறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி தலைமுடிக் கனத்தில் மிகச் சிறு பங்கு. அழுக்கோ தண்ணீரோ புகுந்தால் தேய்ந்துவிடும். அதைச் சோதிக்கும் கருவி டவுன் பட்டறையில்தான் இருக்கும். டீசலை வடிகட்டாமல் ஊற்றக் கூடாது. டாங்கி வறண்டு காற்றுப் புகவும் விடக் கூடாது.

மானியம் கிடைக்கிறதே என்று பெரிய எஞ்சினுக்கு ஆசைப்பட வேண்டாம். பணம் கட்டுமுன், கடைக்காரரை வடிதிருகு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஜெட், வாஷர், ஏர் பில்டர் கையிருப்பில் உள்ளனவா, பக்கத்தில் அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம்.