எளியோர்க்கும் இடம் தரும் பாதை

ஆல்ப்ஸ் மலை என்றவுடன் பனி மூடிய சிகரங்களும், கயிறு கட்டி அவற்றின் மேல் ஏறும் வீரர்களும் நினைவுக்கு வருவது இயல்பே. சைக்கிளில் ஆல்ப்ஸ் பயணம் என்றாலோ, வியர்வை வழிய வளைந்து வளைந்து மேலேறும் பந்தய வீரரின் படமே கண்முன் நிற்கிறது. மலையேறும் வலியவரை உலகம் போற்றட்டும், தவறில்லை. ஆனால் வலிமை குறைந்தோரும் செல்லட்டும் என்று பாதை அமைத்தவரை நினைப்பார் எத்தனை பேர்? ஒரு பாதையின் பெருமை அது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதில் இல்லை. எத்தனை பேரைத் தன்னோடு அழைத்துச் செல்கிறது என்பதிலேயே இருக்கிறது. இதுவே எங்கள் கருத்து. இதற்குச் சான்றாக இத்தாலி நாட்டின் வடகோடியில் உள்ள ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறோம். நாங்கள் அங்கே சென்றதில்லை. நிலப்படமும் நூல்களும் புகைப்படங்களுமே எங்கள் வழிகாட்டிகள்.

அப்பள்ளத்தாக்குக்கு ஜெர்மன் மொழியில் வின்ஷ்காவ் என்றும், இத்தாலிய மொழியில் வால் வெனோஸ்தா என்றும் பெயர். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குச் சென்ற தென் டிரோல் பகுதியில் அது இருக்கிறது. ஆகவே ஊர்ப் பெயர்ப் பலகைகளில் இரு மொழிகளையும் காணலாம். மேலே ரெஷன் கணவாய். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே மெரான் நகரம். சுமார் 325 மீட்டர். போ நதிக்கு அடுத்தபடியாக இத்தாலியின் நீளமான ஆறாகிய ஆதிஜே, கணவாயின் அருகே பிறந்து இப்பள்ளத்தாக்கின் வழியாகத்தான் ஓடுகிறது.

இங்கே சைக்கிளில் செல்வோர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று புகழ் பெற்றது, மற்றொன்று பணிவானது.

புகழ் பெற்றது ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை. ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில், கார்லோ தோனேகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை அதை அமைத்தார். பள்ளத்தாக்கில் உள்ள பிராட் என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஏறினால் 2,757 மீட்டர் உயரத்தை அடையலாம். வழியில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 48! 1953-ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயம் முதன்முறையாக இந்தக் கணவாயைக் கடந்தபோது, பவுஸ்தோ கோப்பி என்ற வீரர் இந்த ஏற்றத்தில்தான் ஹூகோ கோப்லெட்டை முந்தி, அவ்வாண்டின் பந்தயத்தையே வென்றார். அன்று முதல் இச்சாலையில் ஏறி முடிப்பதைப் பலர் வாழ்நாள் பேறாகக் கருதுகின்றனர்.

பணிவான வழி, ரெஷன் கணவாயிலிருந்து மெரான் வரை சுமார் 80 கிலோமீட்டர் நீளும் சைக்கிள் பாதை. மோட்டார் வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலையிலிருந்து விலகி, பெரும்பாலும் ஆற்றோரமாகவும் ஆப்பிள் தோட்டங்களின் நடுவிலும் அது செல்கிறது. சில இடங்களில் உழவர்களின் டிராக்டர் போகும் வழியையே பகிர்ந்துகொள்கிறது. ரோமானியரின் கிளாவுடியா அகுஸ்தா என்னும் பழஞ்சாலையும் இப்பள்ளத்தாக்கு வழியே சென்றதுதான். கி.மு. 15-இல் திரூசஸ் தொடங்கிய அச்சாலையை, கி.பி. 46-47-இல் பேரரசர் கிளாடியஸ் முடித்தார். அக்காலத்து மைல்கல் ஒன்று மெரானுக்கு அருகே ராப்லாந்து என்ற ஊரில் கிடைத்திருக்கிறது. படைகள் நடந்த வழியில் இன்று பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் செல்வதை எண்ணினால் எங்கள் உள்ளம் மகிழ்கிறது.

இப்பாதைக்கு ஒரு நல்ல துணையும் உண்டு. அதுவே ரயில். மெரானிலிருந்து மால்ஸ் வரை 60 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1906-இல் திறக்கப்பட்டது. 1990-இல் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. கார் வந்துவிட்டது, இனி ரயில் எதற்கு என்று எண்ணினார்கள் போலும். ஆனால் பள்ளத்தாக்கு மக்கள் அதைக் கைவிடவில்லை. பாதை புதுப்பிக்கப்பட்டு 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு நிலையத்தில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, வேறொரு நிலையத்தில் ஒப்படைக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. இதனால் நிகழ்ந்த மாறுதலைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏற முடியாதவர் ரயிலில் ஏறிச் சென்று சைக்கிளில் இறங்கலாம். பாதி வழியில் களைத்தவர் அடுத்த நிலையத்தில் நின்றுவிடலாம். தாத்தாவும் பேத்தியும் ஒரே நாளில், ஒரே பாதையில், தத்தம் வலிமைக்கேற்பச் செல்லலாம். எவரும் தோற்றவர் ஆகமாட்டார்.

மெல்லச் செல்வோர்க்கே சில காட்சிகள் கிட்டும். மேலே ரெஷன் ஏரியில் ஒரு கோயில் மணிக்கூண்டு மட்டும் நீருக்கு வெளியே நிற்கிறது. அது 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மின்சாரத்துக்காக அணை கட்டி, 1950-இல் நீரைத் தேக்கியபோது கிரவுன் என்ற கிராமமும் பக்கத்து ஊரின் ஒரு பகுதியும் மூழ்கின. 163 வீடுகளும் 523 ஹெக்டேர் நிலமும் போயின. தம் மக்களுக்காக அவ்வூர்ப் பங்குக் குருவானவர் ரோமாபுரிக்கே சென்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரைச் சந்தித்து முறையிட்டார். ஆயினும் ஊர் பிழைக்கவில்லை. காரில் வருவோர் கண்ணாடி வழியே ஒரு படம் எடுத்துக்கொண்டு விரைந்து போகலாம். ஏரியைச் சுற்றி மிதித்து வருபவருக்கோ, அந்த மணிக்கூண்டு நெடுநேரம் கண்ணை விட்டு அகலாது. நாம் ஏற்றும் விளக்குக்காக யாரேனும் தம் வீட்டை இழந்தார்களா என்ற கேள்வி அவருக்கு எழாமல் இருக்குமா?

அதற்குக் கீழே மரியன்பெர்க் என்னும் பெனடிக்ட் சபை மடம், 1,340 மீட்டர் உயரத்தில் வெண்மதில்களோடு விளங்குகிறது. அதன் நிலவறைக் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டில் தீட்டிய வானதூதர் ஓவியங்கள் உள்ளன. அடுத்து வரும் குளூர்ன்ஸ், கோட்டை மதில் சூழ்ந்த சிறு நகரம். அதன் மக்கள் தொகை நம் பள்ளி மாணவியரின் எண்ணிக்கையை ஒத்திருக்கும். பின்னர் வரும் லாஸ், வெண்பளிங்குக்குப் பேர் போனது. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் போர்வீரர்களின் கல்லறைச் சிலுவைகள் ஆயிரக்கணக்கில் அப்பளிங்கில் செதுக்கப்பட்டன.

இப்பள்ளத்தாக்கு ஒரு மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. ஆகவே இடைக்காலம் தொட்டே உழவர்கள் மலையோடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொணர்ந்தனர். ‘வால்’ என்பது அவ்வாய்க்காலின் பெயர். அதில் ஒரு சிறு நீர்ச்சக்கரம் சுழன்று மணியை அடித்துக்கொண்டே இருக்கும். மணியோசை நின்றால் வாய்க்காலில் எங்கோ அடைப்போ உடைப்போ என்று காவலர் அறிந்து ஓடுவார். எத்தனை எளிய, எத்தனை அழகிய ஏற்பாடு! வாய்க்கால் ஓரமாகக் காவலர் நடந்த ஒற்றையடிப் பாதைகள் இன்று நடைப்பயணிகளுக்குப் பயன்படுகின்றன.

“ரயிலில் ஏறிப் போய்ச் சைக்கிளில் இறங்குவது ஒரு சாதனையா?” என்று சிலர் நகைக்கக்கூடும். சாதனை இல்லைதான். ஆனால் பயணம் எல்லாமே சாதனையாக இருக்கவேண்டும் என்று யார் விதித்தது? நூலகத்தில் உயரமான அலமாரிக்கு ஏணி வைத்திருப்பது சோம்பலை வளர்க்கவா? குட்டையானவரும் நூலை எடுக்கட்டும் என்பதற்கன்றோ! மேலும் 80 கிலோமீட்டர் மிதிப்பது விளையாட்டன்று. இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்த கை வலிக்கும், இடையிடையே மேடும் வரும்.

“பாதை எளிதானால் கூட்டம் பெருகுமே, அமைதி கெடுமே” என்பது மற்றொரு மறுப்பு. இது சிந்திக்கத்தக்கது. அது மக்கள் வாழும் பள்ளத்தாக்கு. சுற்றுலாப் பூங்கா அன்று. டிராக்டருக்கு வழி விடுவதும், தோட்டத்து ஆப்பிளில் கை வைக்காதிருப்பதும், குறுகிய இடத்தில் மணியடித்து மெல்லச் செல்வதும் பயணியின் கடமை. கடமை தவறுவோரைத் திருத்தலாம். அதற்காக வழியையே அடைத்துவிடலாகாது.

பெற்றோரே, “பெண் பிள்ளை அவ்வளவு தூரம் சைக்கிளில் போவதா?” என்று நீங்கள் கேட்பதுண்டு. உங்களைக் குறை கூறமாட்டோம். நீங்கள் அஞ்சுவது எங்கள் கால்களின் வலிமைக் குறைவை அன்று. லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு போகும் சாலையை. அந்த அச்சத்துக்கு வின்ஷ்காவ் மக்கள் கண்ட மருந்து, பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவதன்று. பாதையைப் பிரித்துக் கொடுப்பது. பயம் நியாயமானதென்றால், மாற வேண்டியது சாலையே அன்றிப் பிள்ளையின் ஆசை அன்று.

ஸ்டெல்வியோவின் 48 வளைவுகளை வென்றவர்களுக்கு எங்கள் பாராட்டு உரித்தாகுக. எங்களுள் ஒருத்தி ஒரு நாள் அங்கே ஏறினால் கைதட்டி மகிழ்வோம். ஆனால் வருங்காலத்தில் எங்களுள் சிலர் பொறியாளராகவும், ஆட்சிப் பணியாளராகவும், ஆசிரியராகவும் ஆவோம். அன்று ஒரு சாலைக்குக் கோடு போடும் பொறுப்பு எங்கள் கையில் வருமானால், வேகமாகச் செல்பவரை மட்டும் மனத்தில் வைத்துக் கோடு போடமாட்டோம். பத்து வயதுச் சிறுமியும், மூட்டு வலியுள்ள பாட்டியும், முதன்முதலாகச் சைக்கிள் கற்றவளும் அச்சமின்றிச் செல்லட்டும் என்றே போடுவோம். மிக மெல்லச் செல்பவருக்கு எந்தப் பாதை ஏற்றதோ, அதுவே எல்லோர்க்கும் ஏற்ற பாதை.

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு