உருளைக்கிழங்கு பூண்டு சூப்பும் மலைப்பூண்டு என்ற பெயரும்

திண்டுக்கல்னு சொன்னதும் பூட்டு, பிரியாணின்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடறாங்க. சந்தோஷம்தான். ஆனா காய்ச்சல் விட்ட மறுநாள் நாக்கு செத்துக் கிடக்கும்போது யாரும் பிரியாணி கேக்கறதில்ல. அன்னிக்கு வேண்டியது சூடா, காரம் கம்மியா, தொண்டையில இதமா இறங்கற ஒண்ணு. என் ஓட்டு உருளைக்கிழங்கு பூண்டு சூப்புக்கு.

"சூப்பெல்லாம் நம்ம ஊரு சாப்பாடா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தகவல். நம்ம மிளகுத்தண்ணியைத்தான் வெள்ளைக்காரங்க 'முல்லிகாடானி'ன்னு பேர் வெச்சு சூப்பாக்கிக் குடிச்சாங்க. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான், ஒத்துக்கறேன். மிளகாயும்தான் கடல் தாண்டி வந்துச்சு, அதை யாரும் தள்ளி வைக்கலையே :-) எங்க மாவட்டத்துல இன்னொரு நியாயமும் இருக்கு. உருளை, பூண்டு ரெண்டுமே கொடைக்கானல் மலையில விளையுது. கீழே சமவெளியில இருக்கற எங்களுக்கு இது உள்ளூர்ச் சரக்கு.

செய்முறை ரொம்ப சிம்பிள். ரெண்டு பேருக்கு கால் கிலோ உருளைக்கிழங்கு, பதினஞ்சு பல் பூண்டு, ஆறு சின்ன வெங்காயம். குக்கர்ல ஒரு ஸ்பூன் நெய் விட்டு வெங்காயத்தையும் பதிமூணு பல் பூண்டையும் முழுசாவே வதக்குங்க. தோல் சீவி நறுக்கின உருளை, உப்பு, மூணு டம்ளர் தண்ணி சேர்த்து நாலு விசில் விடுங்க. ஆறினதும் பருப்பு மத்தால கடையணும். மிக்ஸியில போட்டு ஓட்டாதீங்க. உருளையோட மாவுச்சத்து பசை மாதிரி ஆகிடும்.

மிச்சம் ரெண்டு பல்லைத் தட்டி பத்து நிமிஷம் அப்படியே வெச்சுட்டு, கடைசியா மிளகு சீரகப் பொடியோட சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்க. பூண்டை நசுக்கும்போதுதான் அந்தக் காரமான வாசனைப் பொருள் உண்டாகுது. முழுப் பல்லா வேக வெச்சா அதுக்கு வழியே இல்ல, இனிப்பாயிடும். ரெண்டும் சேர்ந்தாதான் ருசி. தயவுசெஞ்சு சோளமாவு கரைச்சு ஊத்தாதீங்க. கெட்டியாக்க உருளையே போதும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிரியாணியில பூண்டு சுமாரா இருந்தா மசாலா காப்பாத்திடும். இந்த சூப்புல அந்த வேலை நடக்காது. பூண்டு எப்படியோ சூப்பும் அப்படித்தான்.

2019 எங்க மாவட்டத்துக்கு யோகமான வருஷம். பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டுன்னு மூணுக்கும் அந்த ஒரே வருஷத்துல புவிசார் குறியீடு கிடைச்சுது. மலைப்பூண்டுன்னா பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் படிக்கட்டு வயல்ல விளையறது. அறுத்ததைக் கட்டுக்கட்டா தொங்கவிட்டு அடுப்புப் புகை காட்டி வெச்சுப்பாங்க, மாசக்கணக்கா கெடாது. காரமும் மணமும் தூக்கல்.

குறியீடு வாங்கியாச்சு. கடையில என்ன நடக்குது? எந்தப் பூண்டைக் காட்டினாலும் "மலைப்பூண்டு சார்". எந்த மலைன்னு கேட்டா பதில் இல்ல. ஒரு கடையில "எல்லாம் மலைதான் சார், வாங்கினா வாங்குங்க"ன்னே சொல்லிட்டாங்க. நாட்டுலயே பூண்டு அதிகமா விளையறது மத்தியப் பிரதேசத்துல. மந்சௌர், நீமச் பக்கமிருந்து லாரி லாரியா வருது. அதுவும் நல்ல பூண்டுதான், அதுலயும் சூப் வைக்கலாம். அதோட பேரைச் சொல்லி அதோட விலைக்கு விக்கட்டும். மலைப்பூண்டு பேரைச் சொல்லி, மலைப்பூண்டு விலைக்கு விக்கறதுதான் தப்பு. நாம கூடுதலாக் குடுக்கற காசு பூம்பாறை ஏறாது. சரிவுல குனிஞ்சு களை எடுக்கறவங்க கைக்குப் போகாது.

"விலைவாசி இருக்கற இருப்புல ஊரெல்லாம் விசாரிச்சுட்டு இருக்க முடியுமா?"ன்னு கேக்கலாம். 2024 தொடக்கத்துல பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விலை ஏற ஏற போலிப் பேருக்கு லாபமும் ஏறும். அதனாலதான் விசாரிக்கணும்னு சொல்றேன். தினமும் மலைப்பூண்டு வாங்க வேண்டியதில்ல. குழம்புக்கும் ஊறுகாய்க்கும் எது கட்டுப்படியாகுதோ அதை வாங்குங்க. சூப், ரசம், பூண்டுப்பால் மாதிரி பூண்டே பிரதானமா இருக்கறதுக்கு மட்டும் ஒரு நூறு கிராம் நல்லதா வாங்கினா போதும்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ல வந்து 2003ல அமலுக்கு வந்துச்சு. ஒரு தடவை பதிவு பண்ணினா பத்து வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். சட்டம் பேருக்குப் பாதுகாப்பு குடுக்கும். ஆனா கால் கிலோ பூண்டு வாங்கற இடத்துல அதிகாரி யாரும் வந்து நிக்கப் போறதில்ல. அங்க நிக்கறது நாமதான். "இது எந்த ஊர்ப் பூண்டுண்ணே?"ன்னு ஒரு கேள்வி. பத்து பேர் கேட்டா கடைக்காரர் மூட்டையை தனித்தனியா வைக்க ஆரம்பிச்சுடுவார். பூட்டு சர்க்கார் போட்டுட்டாங்க, சாவி நம்மகிட்ட இருக்கு.

டிஸ்கி: எனக்கு மலையில தோட்டமும் இல்ல, கீழே பூண்டு மண்டியும் இல்ல. மழைக்கு சூப் வெச்சுக் குடிக்கற ஆசாமி, அவ்வளவுதான் :-)