மூச்சு விட ஒரு ஞாயிறு

போன ஞாயிறு, எழும்பூர் மியூசியத்துக்குக் குடும்ப விஜயம். 1851-ல் ஆரம்பித்த இடம். நான் உள்ளே போய் இருபது வருஷம்! திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டி, "பாத்தியாடா, எவ்ளோ பெரிய மீன்!" என்றேன், அப்பாவுக்கே உரிய கம்பீரத்தோடு.

"மீன் இல்லப்பா. அது குட்டிக்குப் பால் குடுக்கும்" என்றான் யு.கே.ஜி. வாரிசு. மனைவி கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மானத்தைக் காப்பாற்ற, "சில திமிங்கிலம் ஒரு மணி நேரம்கூட மூச்சை அடக்கிக்கிட்டுத் தண்ணிக்குள்ளேயே இருக்கும், தெரியுமா?" என்றேன்.

"அப்புறம்?"

"மேலே வந்து மூச்சு விடும்."

பையன் யோசித்தான். "நீ எப்பப்பா ஆபீஸ்லேர்ந்து மேலே வருவே?"

பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் தீக்குச்சி, கோந்து சகிதம் இருவரும் உட்கார்ந்து ஒரு குட்டி எலும்புக்கூடு செய்தோம். இப்போது அது என் ஆபீஸ் மேஜையில். மணி ஆறடித்தால் முறைக்கிறது, சார்!