அன்னாசிக் கழிவு எரிப்பதற்கல்ல

“ரெண்டு ஆடு செத்துப்போச்சு டீச்சர்” என்றான் என் படிவம் மூன்று மாணவன். சந்தையில் சும்மா கிடைத்த அன்னாசித் தோலை அவன் தாத்தா கூடை கூடையாகக் கொண்டுவந்து, புல்லுக்குப் பதிலாகப் போட்டிருக்கிறார். தாத்தாவின் எண்ணம் சரி, முறைதான் தவறு.

ஆடு மாடுகளின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத செல்லுலோஸ் நாரை அவை சிதைத்து ஆற்றலாக்கித் தருகின்றன. ஆனால், அன்னாசித் தோலில் நாரோடு சர்க்கரையும் உண்டு. திடீரென அதிகம் தின்றால் அது வேகமாகப் புளித்து, இரைப்பையில் அமிலம் பெருகும். நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடியும், ஆடும் சாயும்.

வாசகர்களே, இதற்காக அந்தத் தோலைக் குப்பையில் கொட்டிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நம் நாட்டில் அன்னாசி அதிகம் விளையும் மாநிலம் ஜொகூர். பொந்தியான் வட்டாரத்தில் ‘பெக்கான் நானாஸ்’ என ஓர் ஊரே அன்னாசியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழத்தைப் பதப்படுத்தும்போது தோல், தண்டு, கொண்டை என ஏறக்குறைய பாதி எடை கழிவாகிறது. அறுவடை முடிந்த வயலில் இலைகள் வேறு குவிகின்றன. அவற்றைக் கரிச்சதுப்பு மண்ணில் வைத்துக் கொளுத்தினால், தீ மண்ணுக்குள் இறங்கிப் பல நாள் புகையும். அந்தப் புகையை நம் பிள்ளைகள்தாம் சுவாசிக்கிறார்கள்.

இதற்கு எளிய வழி சைலேஜ். கழிவைச் சிறிதாக நறுக்கி, ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த புல் அல்லது வைக்கோல் கலந்து, பிளாஸ்டிக் தோம்பில் காற்றுப் புகாமல் அழுத்தி மூட வேண்டும். சர்க்கரையை லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் அமிலமாக்கும். அந்த அமிலமே தீவனம் அழுகாமல் காக்கும். மூன்று வாரத்தில் தயார். பூஞ்சை பிடித்திருந்தால் கொடுக்காதீர்கள்.

இதில் புரதம் குறைவு. எனவே புல்லோடும் பயற்றின இலைகளோடும் சேர்த்து, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். செம்பனைப் பருப்புப் புண்ணாக்கும் புரதம் தரும். ஆனால் செம்மறிக்கு அதிகம் கொடுத்தால் அதிலுள்ள செம்பு நஞ்சாகிவிடும்.

அறிவியல் தெரிந்தும் இது பரவாததற்குக் காரணம் என்ன? தண்ணீர்தான். 100 கிலோ தோலில் 80 கிலோவுக்கு மேல் தண்ணீர். அதை லாரியில் தொலைதூரம் ஏற்றினால் தண்ணீருக்கே வாடகை கொடுத்ததாகும். ஆகவே, ஆலைகளுக்கும் வயல்களுக்கும் அருகிலேயே சைலேஜ் கூடங்கள் அமைய வேண்டும். சிறு வளர்ப்பாளர்களுக்குக் கால்நடைச் சேவைத் துறையும் மார்டியும் நேரில் செய்முறை காட்ட வேண்டும். தமிழிலும் விளக்க வேண்டும்.

தீபாவளிக்கு ஆட்டிறைச்சி விலையைக் கேட்டு மலைக்கிறோம். நாம் உண்பதில் பெரும்பகுதி இறக்குமதி. தீவனச் செலவு குறைந்தால்தான் உள்ளூரில் ஆடு வளர்ப்பவர் நிலைக்க முடியும்.

அந்தத் தாத்தா வீட்டில் இப்போது இரண்டு நீலத் தோம்புகள் நிற்கின்றன. மூடி போட்டு, தேதி எழுதி வைப்பது பேரனின் வேலை.