வன்தட்டுக்கு வேண்டுவது விசிறியா?

தமிழாசிரியன் ஒருவன் கணினியின் வன்தட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இன்று நம் சிற்றிதழ்களின் படிமங்களும், களஆய்வுப் பதிவுகளும், அச்சேறாத கவிதைகளும் குடியிருப்பது அந்த இரும்புப் பெட்டிக்குள்தான். ஏட்டைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டென்றால் இதைப் பற்றிப் பேசவும் உண்டு.

நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். நமது துறை மாணவர்கள் பல ஆண்டுகளாகத் தத்தம் ஊர்களில் ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாடல்கள் ஆகியவற்றைப் பதிந்துவந்தனர். நாற்பது மணி நேரத்துக்கும் மேலான அப்பதிவுகள் துறைக் கணினியில் சேர்ந்திருந்தன. ஒரு சித்திரை மாதம் பெட்டி தொட்டால் சுட்டது. 'வன்தட்டு சூடேறினால் போய்விடும்' என்று யாரோ சொல்ல, பதறிப்போய் இரண்டு மின்விசிறிகளை வாங்கி அதன்முன் பொருத்தினோம். கடமை முடிந்ததென்று நிம்மதியாக இருந்தோம். அந்த வன்தட்டு கோடையில் சாகவில்லை. மார்கழிக் குளிரில், ஒரு காலை நேரத்தில், விசிறிகள் இரண்டும் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே செத்தது. பழுதுபார்க்க வந்த இளைஞர் கேட்டார்: "சார், ரெண்டு ஃபேன் வாங்கின காசுல இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாமே?" நம்மிடம் பதில் இல்லை. பாடிய மூதாட்டிகளுள் சிலர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர்.

அதன்பின்தான் இதுபற்றித் தேடிப் படித்தோம். வன்தட்டினுள் உலோகத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், எழுதும் முனை மிதக்கிறது. இத்தனையையும் இயக்கும் மோட்டார் வெப்பத்தை உமிழ்வது இயல்பே. மேசைக் கணினிக்குரிய வன்தட்டுகள் பலவற்றுக்கும் 60 பாகை செல்சியஸ் வரை இயங்கலாம் என்றே உற்பத்தியாளர் வரையறை தருகின்றனர்.

சூடுதான் வன்தட்டைக் கொல்கிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. 2007இல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து வெளியிட்ட கட்டுரை அதை அசைத்தது. குளிர்ச்சியாக இருந்த வன்தட்டுகளே கூடுதலாகப் பழுதாயின என்றும், மிக உயர்ந்த வெப்பநிலைகளில் மட்டுமே, அதுவும் மூன்றாண்டு வயதை எட்டியவற்றில் குறிப்பாக, வெப்பத்தின் தீங்கு தெரிந்தது என்றும் அவர்கள் கண்டனர். 2014இல் பேக்பிளேஸ் என்னும் சேமிப்பு நிறுவனமும் தன் வன்தட்டுகளில் வெப்பத்துக்கும் பழுதுக்கும் பொதுவான தொடர்பு தெரியவில்லை என்றது. எனினும் வழக்கு அத்தோடு முடியவில்லை. மைக்ரோசாஃப்டும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பநிலை ஏற ஏறப் பழுதும் ஏறுகிறது என்றே கூறியது. பாடபேதம் கண்ட பதிப்பாசிரியனின் நிலைதான் நமக்கு. ஒரு சுவடியை மட்டும் நம்பி முடிவுகட்ட இயலாது.

இவ்வாய்வுகள் எல்லாம் பெரும் தரவுமையங்களில் நடந்தவை. அங்கே காற்றின் வெப்பமும் ஓட்டமும் கணக்கிட்டுக் காக்கப்படுகின்றன. வேலூரிலோ திருச்சியிலோ, மே மாதத்தில், ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும் கணினியின் கதை வேறு. அறையே 38 பாகையில் இருந்தால், பெட்டிக்குள் வன்தட்டு 50ஐத் தாண்டுவது அரிதன்று. தூசி அடைத்த பெட்டியிலும், மூடிய மர அலமாரியிலும் இன்னும் ஏறும். ஆகவே 'குளிர்விப்பே தேவையில்லை' என்று நாம் சொல்ல வரவில்லை. வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. நாற்பதை ஒட்டி நின்றால் கவலை வேண்டா. நாள்தோறும் ஐம்பதுக்கு மேல் நின்றால் தூசி தட்டுக. பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்துக. முன்பக்கத்தில் ஒரு விசிறி இருந்தால் போதும். அதற்குமேல் வாங்குவது பெரும்பாலும் மனநிம்மதிக்காகத்தான். தேய்ந்து அதிரும் மலிவு விசிறி நன்மையினும் தீமையே செய்யக்கூடும். இப்போது பரவலாகிவிட்ட சுழலாத எஸ்.எஸ்.டி. வகைகளுள் வேகமானவை வேறு வகையில் சூடேறுபவை. அவற்றுக்கு வெப்பத்தகடு பொருத்துவதில் பொருள் உண்டு.

நாம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. மேற்சொன்ன கூகுள் ஆய்விலேயே, பழுதான வன்தட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை அளவு நீங்கலாக, வேறெந்த முன்னெச்சரிக்கைக் குறியும் காட்டாமலே இறந்தன. அதாவது, குளிரூட்டினாலும் கண்காணித்தாலும் சாவு சொல்லாமல் வரும். அவ்வாறிருக்க, ஒரே ஒரு வன்தட்டைச் சாகாமல் காப்பது எப்படி என்ற கேள்வியே பிழையானது.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பனையோலைக்கு எண்ணெய் பூசினர், வசம்பு வைத்தனர், துணியில் பொதிந்து கட்டினர். அவையெல்லாம் அக்கால மின்விசிறிகள். ஆயினும் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் செல்லிலும் ஓர் ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டு நம் கைக்கு வந்தது, எவரோ ஒருவர் நைந்த ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதியதால். அவருக்குப்பின் வேறொருவர் எழுதியதால். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, பல ஊர்களில் அதன் படிகள் கிடைத்ததால். அனைத்தும் ஒரே மடத்தின் ஒரே பெட்டியில் இருந்து, அதைச் செல் அரித்திருந்தால்? ஒரே இடத்தில் சேர்த்துவைத்த செல்வத்துக்கு என்ன நேரும் என்பதற்கு 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் மாறாத சான்று. அங்கிருந்த சுவடிகளுள் மீளாமற்போனவை வேறெங்கும் படி இல்லாதவையே.

'படி' என்ற சொல் நமக்கு வாசிப்பையும் குறிக்கிறது, பிரதியையும் குறிக்கிறது. படிக்க வேண்டியதைப் படியெடுக்கவும் வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேற்றூரில். கணினித் துறையினர் கூறும் இவ்விதியை நம் ஏட்டுலகம் பெயர் சொல்லாமலே கடைப்பிடித்துவந்தது. இணையச் சேமிப்பையும் ஒரு படியாகக் கொள்ளலாம். அதுவே போதுமென்று இருத்தல் ஆகாது. ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்காத படியும் படியன்று.

நமது பதிவுகளுள் மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. விசிறிகளால் அன்று. பழைய மாணவர்கள் சிலர் தம் கைப்பேசி நினைவட்டைகளில் அழிக்காமல் விட்டுவைத்திருந்தனர். அவற்றுள் ஒன்று, மறைந்த மூதாட்டி ஒருவர் பாடிய தாலாட்டு. அவருடைய பேத்தி, பாட்டியின் குரல் என்பதற்காகவே வைத்திருந்தாள். மற்ற இரண்டு பங்கு எங்கும் இல்லை. அவ்விரண்டு விசிறிகளும் இன்னும் துறை அறையில் நன்றாகவே சுற்றுகின்றன.

வாசக அன்பர்களுள் எவரிடமேனும் ஒரே வன்தட்டில் உறங்கும் சேகரம் இருப்பின், அது சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்குமுன் இன்னொரு படி எடுத்துவிடுங்கள். இன்றே எடுங்கள்.