ரயிலில் ஒரு மணி நேரம்

தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் வருஷத்தில். அன்று முதல் தாம்பரவாசிகளின் வாழ்வில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரமும், வர ஒரு மணி நேரமும் இவ்வண்டிக்கே உரியதாகிவிட்டது. அவ்வேளையை நம்மவர் எவ்வாறு கழிக்கின்றனர்? வருஷக்கணக்கில் ஒரே பெட்டியில் பிரயாணம் செய்யும் நண்பர்களும் கைப்பேசியில் தலைகவிழ்ந்து, வாய்திறவாமல் இறங்கிப் போகின்றனர். இது வருந்தத்தக்க நிலைமை.

காசு செலவில்லாத நல்ல பொழுதுபோக்கு நம் மொழியிலேயே இருக்கிறது. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தைக் கொண்டு அடுத்தவர் வேறு சொல் தொடங்கட்டும். ‘அன்பு’ என்றால் ‘புகை’. பின்னர் ‘கைதி’, ‘திசை’, ‘சைகை’. மொழிக்கு முதலாகாத எழுத்தில் முடித்தவர் தோற்றவர் என்று விதி செய்துகொண்டால், பள்ளியில் கசந்த நன்னூல் எழுத்தியல் தானே மனத்தில் பதியும். பகர மகரம் கலவாமல், உதடு ஒட்டாமல் பேசிப் பார்ப்பது மற்றொரு விளையாட்டு. திருக்குறளின் 341-ஆம் பாவைப் படித்தால் உதடுகள் ஒட்டுவதில்லை என்பதைப் பலரும் அறிவர்.

கைப்பேசியிலும் சொல் விளையாட்டு உண்டே என்பர் சிலர். உண்டுதான். ஆயினும், “அப்படி ஒரு சொல் தமிழில் உண்டா?” என்று வழக்காடவும், தோற்றவரைச் சிரிக்கவைக்கவும் நண்பர் வேண்டும். அந்த வழக்கில்தான் புத்தி கூர்மையடைகிறது. மறந்த சொற்கள் மீண்டும் நாவுக்கு வருகின்றன.

இது மறதி நோய்க்கு மருந்து என்று நாம் கூறவில்லை. நியூயார்க்கில் 75 வயது கடந்த 469 பேரைக் கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாசிப்பு, பலகை விளையாட்டு முதலியவற்றில் அடிக்கடி ஈடுபட்டோரிடம் அந்நோய் குறைவாகக் காணப்பட்டது. அவையே அதற்குக் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் பயிற்சியால் மனம் எவ்வளவு உயரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் செய்து காட்டினார். அத்தகைய அறிஞரைத் தந்த மொழியில், சாதாரணப் பேச்சுக்கும் சொல் அகப்படாமல் இளைஞர் திண்டாடலாமா?

இதற்குச் சர்க்கார் மானியம் வேண்டாம். சங்கமும் சந்தாவும் வேண்டாம். நாளைக் காலை வண்டி குரோம்பேட்டையைத் தாண்டுமுன் அருகிலிருக்கும் நண்பரிடம் ஒரு சொல்லைச் சொல்லி, மறுசொல் கேளுங்கள். மற்றவை தாமே நடக்கும்.