"இப்ப விட்டா எப்பவும் இல்ல" என்கிற பொய்

சென்னையில் வீடு தேடிப் போகிற எந்தக் குடும்பமும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்புவதில்லை. விலை ஏறினால் "இன்னும் ஏறும், சீக்கிரம் வாங்குங்க". விலை இறங்கினால் "இதைவிட மலிவா கிடைக்காது, உடனே வாங்குங்க". மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடையை விற்கிற வியாபாரம் இது! விற்றுத் தருபவருக்குக் கமிஷன் ஒரே நாளில் கிடைத்துவிடும். வாங்கியவருக்குக் கடன் 20 வருடம் நிற்கும். இரண்டு பேருக்கும் நல்ல நேரம் எப்படி ஒன்றாக இருக்கும்?

அடுத்த வசனம், "நிலத்தின் விலை இறங்கவே இறங்காது". ஜப்பானில் 1991க்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக இறங்கியது. அமெரிக்காவில் 2006ல் உச்சிக்குப் போன வீட்டு விலை, 2012 தொடக்கத்துக்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2017 ஜூனில் தமிழக அரசே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. பல இடங்களில் சந்தை விலையைவிட அரசு மதிப்பு மேலே நின்றதுதான் காரணம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட். வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தரும். மீதி 12 லட்சம். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.4 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம் என்றால் 60 ஆயிரம். மொத்தம் 18 லட்சம் கையில் இருக்க வேண்டும். இதில் 6 லட்சம் திரும்பி வராத பணம். விலை 10 சதவீதம் ஏறினால்தான் போட்டது தேறும். இரண்டு வருடத்துக்குள் விற்றால் வருகிற லாபமும் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். இதில் "ஏறினதும் வித்துடலாம்" என்பது எவ்வளவு பெரிய கனவு!

"வாடகை வீண் பணம்" என்பார்கள். 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். முதல் வருடம் கட்டுகிற 5 லட்சத்தில் அசல் ஒரு லட்சம்கூடக் குறையாது. மீதி எல்லாம் வட்டி. வாடகை வீண் என்றால் வட்டி மட்டும் என்ன சேமிப்பா? அந்த வட்டியும் நிலையாக நிற்காது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த பலருக்குத் தவணை ஏறவில்லை, கடன் முடிகிற வருடம்தான் தள்ளிப்போனது.

இருக்கிற வீட்டை விற்றுப் பெரியது வாங்க நினைப்பவர்கள் "விலை ஏறட்டும்" என்று காத்திருப்பது இன்னொரு வேடிக்கை. 40 லட்சம் வீட்டை விற்று 60 லட்சம் வீடு வாங்க 20 லட்சம் வேண்டும். ஊர் முழுக்க விலை 20 சதவீதம் ஏறினால் அவை 48ம் 72ம் ஆகும். இப்போது வேண்டியது 24 லட்சம்! விலை 20 சதவீதம் இறங்கினால் 16 லட்சமே போதும். அதாவது இவர்களுக்கு நல்ல காலம் சந்தை படுத்திருக்கும் காலம்தான். வீட்டைச் சுருக்கிக்கொண்டு மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு மட்டும்தான் விலையேற்றம் லாபம்.

குடியிருக்க வீடு வாங்குபவருக்கு முகூர்த்தம் சந்தையில் இல்லை, சொந்தப் பையில் இருக்கிறது. பத்து வருடமாவது அந்த ஊரில் இருக்கப் போகிறார்களா? அந்த 18 லட்சம் நகையை அடகு வைக்காமல் வருமா? வட்டி 2 சதவீதம் ஏறினாலும், வீட்டில் ஒருவர் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் தவணை கட்ட முடியுமா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் எந்த மாதமும் நல்ல மாதம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது அகலக்கால்தான். விலை எங்கே போகும் என்று எந்தப் புரோக்கருக்கும் தெரியாது. தன் வீட்டு வரவு செலவு அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.